ஓட்டல் பேய்களின் யோக்கியதை

பேய் உண்டா, இல்லையா என்கின்ற பழைய வழக்கை இன்று நாம் மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பேயைக் கண்டவர்கள் கொண்டுவந்து காட்டட்டும். காட்டுகின்ற வரையில் நமக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. இன்று நாம் கேட்கப்போகும் கேள்விகள் வேறு. ஓரிடத்தில் பேய் இருப்பதாகச் சொல்லப்படுவதால் யாருக்கு வரும்படி? அந்த வரும்படிக்காக மறைக்கப்படுகின்ற உண்மை என்ன? இந்த இரண்டையுந்தான் கேட்கப்போகின்றோம்.

இதற்காக நாம் புளியமரத்தடிக்கோ சுடுகாட்டுக்கோ போகவேண்டியதில்லை. ஏனெனில், நம் நாட்டுப் புளியமரத்தைப்பற்றி எழுதினால், "இதெல்லாம் பட்டிக்காட்டார் நம்பிக்கை, இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே" என்று படித்த கனவான்கள் நம்மைக் கேலி செய்கின்றார்கள். அதே கனவான்கள் மறுபுறத்தில், "ஆகாய விமானம் கண்டுபிடித்த மேல்நாட்டாரே பேயை ஒப்புக்கொள்கிறார்களே! அங்குள்ள பெரிய பெரிய ஓட்டல்களில் இன்ன நம்பர் அறையில் பேய் இருக்கிறது என்று விளம்பரமே செய்கிறார்களே! இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்றும் கேட்கின்றார்கள். ஆகவே அவர்கள் காட்டுகின்ற சாட்சியையே கூண்டிலேற்றி விசாரித்துவிடுவோம். வெள்ளைக்காரன் சொன்னாலும் புரட்டு புரட்டுத்தான். கறுப்பன் சொன்னாலும் உண்மை உண்மைதான். பேய்க்கு வெள்ளைத்தோல் இருப்பதனால் அது மெய்யாகிவிடாது.

நாவலில் பிறந்த பேய்

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் எஸ்டஸ் பார்க் என்ற மலையூரில் ஸ்டான்லி ஓட்டல் என்று ஒன்று இருக்கின்றது. நீராவி மோட்டார் வண்டி செய்து பணம் சேர்த்த ஸ்டான்லி என்பவரால் கட்டப்பட்டு 1909-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1974-ம் ஆண்டில், குளிர்காலத்திற்காக ஓட்டலை மூடப்போகும் சமயத்தில், ஸ்டீபன் கிங் என்ற நாவலாசிரியர் தம் மனைவியோடு அங்கே போய் 217-ம் நம்பர் அறையில் தங்கினார். ஜனங்களில்லாத தாழ்வாரங்களும், காலியான சாப்பாட்டுக்கூடமும் அவருக்கு ஒரு கதையைக் கொடுத்தன. அந்தக் கதை 1977-ல் "தி ஷைனிங்" என்ற நாவலாக வெளிவந்து ஏராளமாக விற்றது. அந்த நாவலின் கீர்த்தியில்தான் ஸ்டான்லி ஓட்டலின் பேய்க்கும் உலகப் பிரசித்தி வந்தது. இன்று அங்கே பேய்க்கதை சொல்லி ஓட்டலைச் சுற்றிக் காட்டுவதற்கு டிக்கட்டு விற்கப்படுகின்றது. அதாவது, ஒரு கதாசிரியர் தம் மூளையிலிருந்து எடுத்துக் கொடுத்த பேய், அந்த ஓட்டலில் குடியேறி, இன்று வாடகை சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது.

இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. அந்த நாவலை ஸ்டான்லி கூப்ரிக் என்பவர் 1980-ல் சினிமாவாக எடுத்து வெளியிட்டார். வெளித்தோற்றத்திற்காக ஓரிகன் மாகாணத்திலுள்ள டிம்பர்லைன் லாட்ஜ் என்ற வேறொரு ஓட்டல் படம் பிடிக்கப்பட்டது. அந்த ஓட்டல்காரர்கள், "ஐயா, எங்கள் ஓட்டலில் 217-ம் நம்பர் அறை இருக்கின்றது. அதில் பேய் என்று நீங்கள் காட்டிவிட்டால் பிறகு ஒருவரும் அதில் தங்கமாட்டார்கள், நம்பரை மாற்றிவிடுங்கள்" என்ற கருத்தில் கேட்டுக்கொண்டதன் பேரில், அங்கே இல்லவே இல்லாத 237 என்ற நம்பர் சினிமாவில் போடப்பட்டது. ஆனால் பின்னால் நடந்தது என்ன? மற்றெல்லா அறைகளையும்விட அந்த 217-ம் நம்பர் அறைதான் வேண்டுமென்று அதிகம்பேர் கேட்பதாக அந்த ஓட்டலார்களே சொல்லுகின்றார்கள்!

தோழர்களே, இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனிக்கவேண்டும். பேய் என்றால் வரும்படி போய்விடும் என்று நினைத்தவரையில் ஓட்டல்காரருக்குப் பேய் வேண்டியதில்லை. பேய் என்றால் வரும்படி வரும் என்று தெரிந்தவுடன் பேய் வேண்டியதாகிவிட்டது. பேயின் சுபாவம் மாறவில்லை. சந்தை நிலவரந்தான் மாறிற்று. நம்மூர்க் கோடாங்கி பேயை ஓட்டுவதற்குக் காசு வாங்குகின்றான். அந்த ஓட்டல்காரர்களோ பேயை ஓடாமல் வைத்திருப்பதற்குக் காசு வாங்குகின்றார்கள். இருவரில் யார் பெரிய கெட்டிக்காரர் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். கோடாங்கியாவது ஒரு வீட்டுப் பேயை ஒரு தடவைதான் ஓட்டிக் காசு வாங்க முடியும். ஓட்டல் பேய் தினந்தோறும் சம்பாதிக்கும்.

கண்டேன் என்கிறவர்கள் எல்லோரும் பொய்யர்களா?

"அப்படியானால் அந்த ஓட்டல்களில் தங்கி, காலடிச் சத்தம் கேட்டேன், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்தார்கள், குளிர்ந்த காற்று வீசியது என்றெல்லாம் சொல்லுகின்றவர்கள் அத்தனை பேரும் புளுகுகின்றார்களா?" என்று கேட்கலாம். இல்லை. அவர்களில் அநேகர் யோக்கியர்களே. அவர்கள் உணர்ந்தது மெய். அதற்குச் சொல்லும் காரணந்தான் பொய்.

பழைய சத்திரங்களும் ஓட்டல்களும் பேய்க்கு ஏன் பேர்போனவை என்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீட்டில் எலி ஓடினால் எலி என்று தெரியும். கதவு கிறீச்சிட்டால் எந்தக் கதவு என்று தெரியும். அந்நிய இடத்தில் எந்தச் சத்தமும் புதுச் சத்தமே. பகல் வெயிலில் விரிந்த மரம் இரவுக் குளிரில் சுருங்கும்பொழுது சடக்கென்று சத்தம் போடும். பழைய வெந்நீர்க் குழாய்களும் நீராவிக் குழாய்களும் தட்டுவதுபோல் ஒலிக்கும். இது ஒருபுறமிருக்க, புதிய இடத்தில் முதல் இரவு தூங்குகிறவர்களின் மூளையைப் பரிசோதித்து அமெரிக்காவில் பிரவுன் சர்வகலாசாலையார் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைப்போல் ஆழ்ந்து உறங்காமல் காவல் காத்துக்கொண்டிருப்பதாகக் கண்டார்கள். காவல்காரன் பாதி விழித்திருந்தால் நிழலெல்லாம் திருடனாகத்தானே தெரியும்? ஓட்டலில் தங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வொரு ஓட்டலிலும் முதல் இரவுதான்.

இனி, நெஞ்சின்மேல் உட்கார்ந்து அமுக்கும் பேய். நம் நாட்டில் இதற்கு அமுக்குப்பேய் என்றே பெயர். மனிதன் கனவு காணும் நிலையில் கைகால்கள் அசையாதபடி உடம்பு தன்னைத்தானே கட்டி வைத்துக்கொள்ளுகின்றது. அந்தக் கட்டு அவிழும் முன்பே அறிவு விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவின் மிச்சம் எதிரே நிற்கும். தூக்கம் கெட்டவர்களுக்கும், களைத்துப்போன பிரயாணிகளுக்கும் இது நேரிடுவது சகஜம். வைத்தியர்கள் இதைத் தூக்க வாதம் என்கின்றார்கள். பூசாரி பேய் என்கின்றான். ஓட்டல்காரர் விசேஷ அறை என்கின்றார்.

இதிலும் பயங்கரமான ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்வைத்தியப் பத்திரிகை ஒன்றில் 1921-ல் டாக்டர் வில்மர் என்பவர் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். அவர்கள் குடியேறிய பழைய வீட்டில் காலடிச் சத்தம், உருவங்கள், யாரோ பிடித்து அழுத்துவது போன்ற உணர்ச்சி, பிள்ளைகளுக்கு வெளுப்பு, செடிகளுக்கு வாட்டம் எல்லாம் கண்டன. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடேற்றும் அடுப்பு பழுதாகி அதன் நச்சுப்புகை வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அடுப்பைச் சரிசெய்தார்கள், பேய் போய்விட்டது. அந்தக் குடும்பத்தார் அடுப்பைப் பார்க்காமல் மாந்திரீகனை அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குடும்பத்தோடு பிணமாகியிருப்பார்கள், அந்த வீட்டுக்கு இன்னும் நாலு பேய் கூடியிருக்கும். பேய் என்று சொல்லுவது வெறும் தவறு மாத்திரமல்ல, சில சமயம் உயிரைக் குடிக்கும் தவறு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

2003-ல் வைஸ்மன் என்ற மனோதத்துவ ஆசிரியரும் அவரது சகாக்களும் இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும், ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரத்து நிலவறைகளிலும் நூற்றுக்கணக்கான ஜனங்களை நடக்கவிட்டுப் பரிசோதித்ததை வெளியிட்டார்கள். விசித்திர உணர்ச்சி அதிகமாக ஏற்பட்ட இடங்களுக்கும், வெளிச்சம், அறையின் அளவு முதலிய சாதாரண சங்கதிகளுக்கும் சம்பந்தமிருப்பது தெரிந்தது. இன்று பேய் தேடப் போகிறவர்கள் கையில் மின்சார அலையை அளக்கும் சிறு கருவியை வைத்துக்கொண்டு, அதில் விளக்கெரிந்தால் பேய் என்கின்றார்கள். சுவருக்குள் போகும் மின்சாரக் கம்பிக்கும் அது எரியும், கைபேசிக்கும் எரியும். ஆனால் டிக்கட்டு வாங்கியவன் கம்பி இருக்கிறதா என்று சுவரைத் தோண்டிப் பார்க்க முடியுமா?

செத்த பிறகும் சம்பளமில்லாத வேலை

நிற்க, இந்த ஓட்டல் பேய்கள் எல்லாம் யார் என்று ஜாபிதா எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலனாகும். முதலாளி பேயாக வருவது அபூர்வம். வந்தாலும் பியானோ வாசிக்கவும் விருந்தாளியை வரவேற்கவுமே வருவார். வேலைக்காரி வந்தால் மூட்டை தூக்கவேண்டும்.

ஸ்டான்லி ஓட்டலின் 217-ம் நம்பர் அறையில் 1911-ல் விளக்கேற்றப் போன ஒரு பணிப்பெண், கசிந்திருந்த காஸ் வெடித்துப் படுகாயமடைந்தாள். அவள் சாகவில்லை, பிழைத்துக்கொண்டாள். ஓட்டலில் சொல்லப்படும் கதைப்படியே அவள் மறுபடியும் அங்கே வேலைக்குத் திரும்பினாள். அக்காலத்துப் பத்திரிகைகள் அவள் பெயரைக்கூட ஒரே மாதிரியாக எழுதவில்லை. ஒரு கூலிக்காரியின் பெயரைச் சரியாக விசாரித்து எழுத யாருக்கு அக்கறை? ஆனால் இன்று அவள் பேயாக வந்து, தங்குகிறவர்களின் பெட்டியைத் திறந்து துணிமணிகளை மடித்து வைப்பதாகச் சொல்லுகின்றார்கள். உயிரோடிருந்தபோது கூலி கொடுத்து வேலை வாங்கினார்கள். செத்தபிறகு கூலியே கொடுக்காமல் வேலை வாங்குகின்றார்கள்! ஜீவனுள்ள வேலைக்காரி சம்பளம் கேட்பாள், லீவு கேட்பாள், காயம்பட்டால் நஷ்ட ஈடு கேட்பாள். பேய் வேலைக்காரி ஒன்றுங் கேட்கமாட்டாள். காஸ் ஏன் கசிந்தது, குழாயைப் பார்க்கவேண்டியவர் யார் என்று அவளுக்காக டிக்கட்டு வாங்கியவர்களும் கேட்பதில்லை.

நம் தேசத்திலும் உதாரணமில்லாமலில்லை. இமயமலைச் சாரலில் மசூரியில் 1902-ல் திறக்கப்பட்ட சவாய் ஓட்டலில் 1911-ம் வருஷம் ஒரு ஆங்கில மாது விஷத்தால் இறந்து கிடந்தார். கூட வந்திருந்த தோழியின்மேல் வழக்கு நடந்து விடுதலையாயிற்று. கொன்றது யார் என்பது இன்றுவரை ருஜுவாகவில்லை. அந்த மாதின் ஆவி தன்னைக் கொன்றவரைத் தேடி ஓட்டல் தாழ்வாரங்களில் அலைவதாகக் கதை. நூறு வருஷத்திற்குமேல் அலைந்தும் அந்த ஆவி ஒரு பெயரைச் சொல்லவில்லை. ஒரு துப்புக் கொடுக்கவில்லை. கதவைத் தட்டத் தெரிந்த ஆவிக்குக் கச்சேரிக் கதவைத் தட்டத் தெரியாதா? ஆவிகள் சாட்சி சொல்லுவதாயிருந்தால் உலகத்தில் துப்பறியும் போலீசும், பிரேத பரிசோதனையும், விஷப் பரிசோதனையும் எதற்கு?

ஒரே ஓட்டல், மூன்று வியாபாரம்

இனி முக்கியமான சாட்சிக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்கன்சா மாகாணத்தில் யுரேகா ஸ்பிரிங்ஸ் என்றொரு மலையூர். அந்த ஊர் ஏற்பட்டதே, அங்குள்ள ஊற்றுத் தண்ணீர் சகல ரோகங்களையும் தீர்க்கும் என்ற நம்பிக்கையினால்தான். 1879-ல் ஊர் உண்டாயிற்று. நோயாளிகள் கூட்டங் கூட்டமாக வந்து குவியவே, ரயில்வேக்காரரும் பணக்காரர்களும் சேர்ந்து மலையுச்சியில் கிரெசென்ட் ஓட்டல் என்ற பெரிய கல் மாளிகையைக் கட்டி 1886-ல் திறந்தார்கள். சில காலத்தில் ஜனங்களுக்குத் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிட்டது. கூட்டம் குறைந்தது. ஓட்டல் நொடித்துப் பெண்கள் காலேஜாகவும் கொஞ்சகாலம் நடந்தது. தீர்த்த மகிமையின் கதி எங்கும் இதுதான். இது முதல் வியாபாரம்.

1937-ல் நார்மன் பேக்கர் என்ற ஒரு ஆசாமி அந்தக் கட்டடத்தை வாங்கிப் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று பெயர்ப்பலகை மாட்டினான். இவன் எந்த வைத்தியக் கலாசாலையிலும் படித்தவனல்ல. இவனுடைய பூர்வோத்தரம் என்னவென்றால், பிறர் மனத்திலுள்ளதைச் சொல்லுவதாக மேடையில் ஜாலவித்தை காட்டும் கம்பெனி நடத்திப் பிழைத்தவன். பிறகு அயோவா மாகாணத்தில் மஸ்கட்டீன் என்ற ஊரில் சொந்தமாக ஒரு ரேடியோ நிலையம் வைத்து, "டாக்டர்கள் எல்லாம் உங்களை ஏமாற்றுகிறார்கள், கத்தியும் வேண்டாம், ரேடியமும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம், என் மருந்தில் புற்றுநோய் குணமாகும்" என்று இரவும் பகலும் பிரசாரம் செய்தான். ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கூட்டி அவர்கள் முன்னிலையில் வைத்தியமும் காட்டினான். 1931-ல் அவனுடைய ரேடியோ லைசென்சு போயிற்று. அவனைப் போலி வைத்தியன் என்று எழுதிய அமெரிக்க வைத்திய சங்கத்தின்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டு அதிலும் 1932-ல் தோற்றான். அதன்பின் மெக்சிக்கோ எல்லைக்குள் போய் அங்கிருந்து ரேடியோ வைத்துக் கூவினான். கடைசியாக யுரேகா ஸ்பிரிங்ஸில் வந்து விழுந்தான்.

அவன் கொடுத்த அருமருந்து என்ன? தர்ப்பூசணி விதை, மக்காச்சோளக் கதிரின் பட்டுநார், ஒருவகைத் தீவனப் புல், இவற்றின் கஷாயமும், கார்பாலிக் அமிலமும், கிளிசரினும், சாராயமும் கலந்த திரவம். இதை நோயாளிகளின் உடம்பில் ஊசியால் ஏற்றினான். அந்தக் காலத்திலேயே சிலவகைப் புற்றுக்கள் ஆரம்பத்தில் அறுவை செய்தும், ரேடியம் வைத்தும் குணப்படுத்தக்கூடியவைகளாயிருந்தன. அப்படிப் பிழைத்திருக்கக்கூடியவர்களும், வீட்டையும் நிலத்தையும் விற்ற பணத்தோடு இவனிடம் வந்து, பணத்தையும் காலத்தையும் இழந்தார்கள். விசாரித்த தபால் இலாகாவினர் கண்டுபிடித்தது என்னவென்றால், உண்மையில் புற்றுநோய் உள்ளவர்களாயிருந்து இவனிடம் வைத்தியம் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடு திரும்பிச் சொற்ப காலத்தில் மாண்டார்கள் என்பதாகும். ஏறக்குறைய 40 லட்சம் டாலர் இவன் இவ்விதம் சுருட்டியதாக மதிப்பிட்டார்கள். இது இரண்டாவது வியாபாரம்.

இவனை யார் பிடித்தார்கள்? செத்துப்போன நோயாளிகளின் ஆவிகளா? இல்லை. ஒரு ஆவிகூட அவன் தொண்டையைப் பிடிக்கவில்லை. ஒரு ஆவிகூட அவன் தூக்கத்தைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. பிடித்தவர்கள் தபால் இலாகா உத்தியோகஸ்தர்கள். அவன் தபாலில் அனுப்பிய விளம்பரத் தாள்களையே கையில் வைத்துக்கொண்டு, தபால் மூலம் மோசடி செய்தான் என்று 1939-ல் கைது செய்து கோர்ட்டில் நிறுத்தினார்கள். 1940-ல் 4 வருஷச் சிறையும் 4,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 40 லட்சம் எங்கே, 4,000 எங்கே! வெளியே வந்து புளோரிடாவில் சௌக்கியமாக வாழ்ந்து 1958-ல் செத்தான். உண்மையான பழிவாங்கும் ஆவிகள் இருந்திருந்தால் இப்படிப்பட்டவன் ஒரு ராத்திரியாவது நிம்மதியாக இருந்திருக்க முடியுமா?

இப்போது மூன்றாவது வியாபாரத்தைப் பாருங்கள். கிரெசென்ட் ஓட்டல் இன்று தன்னை அமெரிக்காவிலேயே பேய் மிகுந்த ஓட்டல் என்று விளம்பரம் செய்துகொள்ளுகின்றது. இரவில் பேய் உலா நடக்கின்றது. கட்டடம் கட்டும்போது மேலிருந்து விழுந்து செத்த அயர்லாந்துக் கொத்தன் ஒருவனின் பேய் 218-ம் நம்பர் அறையில் இருப்பதாகக் காட்டுகின்றார்கள். புற்றுநோயாளிப் பெண் ஒருத்தியின் பேய் 419-ம் நம்பர் அறையில் சாவியைத் தேடுவதாகச் சொல்லுகின்றார்கள். ஊதா நிறத்தில் பிரியமுள்ள நார்மன் பேக்கரும் ஊதாச் சட்டையோடு பேயாக வருவதாகச் சொல்லுகின்றார்கள். கடைசியில் நிலவறைக்குக் கூட்டிப்போய் அவனுடைய பிணவறையைக் காட்டி உலாவை முடிக்கின்றார்கள். 2019-ல் ஓட்டலுக்குப் பின்புறம் மண்ணைத் தோண்டும்போது பேக்கர் காலத்துப் புட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சிலவற்றில் மனித உடம்பின் சதைத் துண்டுகள் போன்றவை மிதந்தன. புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் வந்து தோண்டி எடுத்தார்கள். அவையும் காட்சிப்பொருளாயின.

தோழர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். அந்த நோயாளிகள் பெரும்பாலும் செத்தது தங்கள் தங்கள் வீட்டில். பேய் என்பது செத்த இடத்தில் சுற்றுவதானால், அவர்கள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் தங்கள் வீடுகளிலல்லவா சுற்றவேண்டும்? பேக்கர் செத்தது புளோரிடாவில். அவன் பேய் ஆர்கன்சாவுக்கு எந்த ரயிலில் வந்தது? பேய்கள் எல்லாம் எங்கே டிக்கட்டு விற்கிறார்களோ அங்கே வந்து கூடுகின்றன என்பதுதான் இதற்கு விடை.

தண்ணீரில் குணமாகும் என்றவனும், கஷாயத்தில் குணமாகும் என்றவனும், பேய் வந்து நிற்கும் என்கிறவனும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். ஆனால் மூன்று வியாபாரத்திற்கும் போட்ட மூலதனம் ஒன்றுதான். அது ஜனங்களின் யோசியாத நம்பிக்கை. கட்டடம் மாறவில்லை, மூலதனமும் மாறவில்லை, சரக்குத்தான் மாறிற்று. உயிரோடிருந்தபோது ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டவர்களின் சாவே இப்போது பணம் பறிக்கும் கருவியாயிற்று. ஒரே மனிதனை இரண்டு தடவை கொள்ளையடிக்க முடியுமானால் அது இதுதான்.

வேடிக்கைதானே என்பவர்களுக்கு

"இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே? யாரும் உண்மையாக நம்புவதில்லை; காசு கொடுத்துக் கொஞ்சம் பயந்துவிட்டு வருகிறார்கள்; இதில் என்ன கேடு?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். பயந்து சிரிப்பதற்குக் காசு கொடுக்க ஒருவருக்குச் சுதந்திரமுண்டு. அதை நாம் தடுக்கச் சொல்லவில்லை. கதையைக் கதை என்று சொல்லி விற்கட்டும். ஸ்டீபன் கிங் அப்படித்தான் விற்றார். அவர்மேல் நமக்குக் குறையில்லை. நடந்த அக்கிரமத்தின்மேல் பேய்ப் போர்வையைப் போட்டு மூடுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

அந்த நிலவறைக்குப் போய் வருகிறவன் எதைப் பார்த்து வருகிறான்? இருட்டு மூலையில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்து வருகின்றான். வைத்தியம் படிக்காத ஒருவன் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நோயாளிகளை எப்படி வளைத்தான்? ஒரு மாகாணம் விரட்டினால் அடுத்த மாகாணம் எப்படி இடங்கொடுத்தது? நோயாளி கடைசிக் காசோடு வந்து நிற்கும்போது ஊரார் ஏன் வாய்மூடி இருந்தார்கள்? இவைகளல்லவா மயிர்க்கூச்செறியும் கேள்விகள்? இவற்றைக் கேட்பவன் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு பாடத்தோடு திரும்புவான். பேயைத் தேடியவன் ஒரு போட்டோவோடு திரும்புகின்றான்.

அந்தப் பாடம் இன்று நமக்கு வேண்டாத பழங்கதை அல்ல. பேக்கருக்கு ரேடியோ இருந்தது. இன்றைய பேக்கர்களுக்குக் கைபேசி இருக்கின்றது. "ஆபரேஷன் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், இந்த வேரில் புற்றுநோய் போகும், இதை டாக்டர்கள் உங்களுக்கு மறைக்கிறார்கள்" என்ற அதே வார்த்தைகள் இன்றும் வீட்டுக்கு வீடு வருகின்றன. ஆரம்பத்தில் அறுத்தெறிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய தாய்மார்கள், கட்டி புண்ணாகி ஊரெல்லாம் வைத்தியம் பார்த்த பிறகு கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வருகின்றார்கள். பேக்கரைப் பேயாக மாத்திரம் தெரிந்துகொண்டவனுக்கு, உயிரோடு எதிரே வரும் பேக்கரை அடையாளந் தெரியாது. ஊதாச் சட்டை போட்ட ஆவியைத் தேடிக்கொண்டிருப்பவன், வெள்ளைச் சட்டை போட்டு வரும் புரட்டனிடம் சட்டைப்பையைத் திறந்து காட்டுவான். இதுதான் வேடிக்கையினால் வரும் கேடு.

ஆகவே தோழர்களே, எந்தப் பழைய ஓட்டலிலாவது, சத்திரத்திலாவது, சாவடியிலாவது, பங்களாவிலாவது பேய் இருக்கிறதென்று உங்களிடம் யாராவது சொன்னால், பயப்படவும் வேண்டாம், சிரித்துவிட்டுப் போய்விடவும் வேண்டாம். சில கேள்விகள் கேளுங்கள். செத்தது யார்? எப்படிச் செத்தார்? அதற்குப் பொறுப்பாளி யார்? அவன் தண்டிக்கப்பட்டானா? இந்தக் கதையைச் சொல்லுகிறவருக்கு இதனால் என்ன லாபம்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், சில இடங்களில் ஒன்றுமே நடந்திருக்காது, வெறும் விளம்பரமாயிருக்கும். சில இடங்களில் கசிந்த குழாயும், உடைந்த சாரமும், கூலி கொடுக்காத முதலாளியும், படியாத வைத்தியனும் வெளியே வருவார்கள். எந்த இடத்திலும் பேய் வராது.

செத்தவர்களால் நமக்கு ஒரு தீங்கும் செய்ய முடியாது. ஒரு நன்மையும் செய்ய முடியாது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அவர்களைச் சாகவைத்த காரணம் இன்னொருவரைச் சாகவைக்காதபடி பார்த்துக்கொள்ளுவதுதான் அது. அதற்கு டிக்கட்டு வேண்டியதில்லை, புத்தி வேண்டும்.